எட்டாத மூடி

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி சொந்த ஊர் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பாறைக்கு அடியில் தண்ணீர் தேடுகிற இடங்களிலெல்லாம் அந்த வண்டிகளைப் பார்க்கலாம். கூடப் போகிறவர்களுக்கு வண்டிதான் வீடு. ராடு ஏற்றிய லாரியின் ஓரத்தில் அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் ஸ்டவ், அலுமினியக் குண்டான். ரிக்கின் மேலே பாய், போர்வை. கம்ப்ரசர் குழாயில் காயப்போட்ட லுங்கி. மேல்நாட்டில் வசதியுள்ளவர்கள் கட்டில், அடுப்படி எல்லாம் வைத்து வீட்டையே வண்டியாகக் கட்டி ஊர் சுற்றுகிறார்கள். எங்கள் பக்கத்தில் வீடாகவும் ஓடுகிற வண்டி என்றால் நான் அறிந்தது போர் வண்டிதான். திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அப்படி ஒரு வண்டியில் ஹெல்பராக ஏறினேன். 2001-க்குப் பிறகு மழை பொய்த்துக்கொண்டே போன வருடங்கள் அவை. எங்கள் கன்னிவாடிப் பக்கம் ராத்திரி பகல் பார்க்காமல் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கன்னிவாடி திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையின் காலடியில் இருக்கிற ஊர். நாயக்கர் காலத்தில் திண்டுக்கல் சீமையின் பாளையங்களில் ஒன்று. ஊரைத் தாண்டித் தருமத்துப்பட்டி போனால் அங்கிருந்து பாதை பன்றிமலைக்கும் ஆடலூருக்கும் ஏறிவிடும். மலை பச்சையாகத்தான் இருக்கும். கீழே இருக்கிற எங்கள் காடுகளுக்கு அந்தப் பச்சையால் பெரிய லாபம் இல்லை. ஓடையில் வெள்ளம் வந்தால் இரண்டு நாள் வரும், போய்விடும். பருத்தி, சோளம், மொச்சை, முருங்கை, கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் வெங்காயம், தக்காளி. எங்கள் தாத்தா காலத்தில் அறுபது எழுபது அடிக் கிணறு ஒரு குடும்பத்துக்குப் போதும். அப்பா காலத்தில் அந்தக் கிணற்றுக்குள்ளேயே சைடு போர் போட்டார்கள். நான் தலையெடுத்தபோது கிணற்றை எட்டிப் பார்க்கிறவர் யாருமில்லை. முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று நேரே போர் போடுவதுதான் பேச்சு.

இதற்கு எங்கள் மண்ணின் அமைப்பும் ஒரு காரணம். மேலே சில அடி மண், அதன்கீழே சுக்கானும் உக்கிய பாறையும், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மலைப்பக்கம் சார்னோக்கைட், சமவெளியில் நைஸ். கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்ந்த ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து கொண்டுபோன கல்லும் இதே வகைதான். அதனால்தான் ஹாலண்டு என்ற நிலவியலாளர் இந்தப் பாறைக்கு அவர் பெயரை வைத்தார். இந்தப் பாறைக்குள் தண்ணீர் மணலில் ஊறி நிற்கிற மாதிரி நிற்காது. எங்கோ ஒரு வெடிப்பு, அந்த வெடிப்பில்தான் ஓட்டம். வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் புழுதி. இப்படிப்பட்ட பாறையைக் கைத்துளையால் ஒன்றும் செய்ய முடியாது. குழிக்குள்ளேயே இறங்கி அடிக்கிற ஹேமரும், அதை அடிக்க வைக்கிற காற்றும் வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் வடக்கே வறட்சி வந்தபோது யுனிசெஃப் இந்த வகை இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு அந்தத் தொழிலைத் தன் தொழிலாகவே எடுத்துக்கொண்டது திருச்செங்கோடு.

போர் வண்டியைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் காற்றும் புழுதியும்தான் தெரியும். பாறையை உடைக்கிறது காற்று, உடைத்த தூளை மேலே தள்ளுகிறதும் காற்று. ஆனால் மற்ற வேலை முழுக்க ஆயிலுடையது. வண்டி வந்து நின்றதும் நாலு ஜாக்கியும் இறங்கி டயரைத் தரையிலிருந்து தூக்குவது ஹைட்ராலிக் ஆயில். படுத்துக் கிடக்கும் மாஸ்டை, அதாவது ராடைத் தாங்கும் இரும்புக் கோபுரத்தை, நிமிர்த்துவது அது. ராடைச் சுற்றுவதும், கீழே அழுத்துவதும், மேலே இழுப்பதும் அதுதான். 1795-இல் ஜோசப் பிராமா என்ற இங்கிலாந்துக்காரர் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதே தத்துவம்தான் இங்கேயும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன்மேல், சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளினால், ஒரு ஜாக்கி மட்டும் ஏறத்தாழ 12 டன் எடையைத் தூக்கும். இவ்வளவு பலமும் ஒரு இரும்புத் தொட்டியில் இருக்கிற ஆயிலை நம்பித்தான் நிற்கிறது. எங்கள் வண்டியில் அது 400 லிட்டர் தொட்டி.

அந்தத் தொட்டியின் மூடிதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது.

தொட்டி இருந்தது வண்டியின் நடுவில், கேபினுக்குப் பின்னால், சேசிஸ் மேல். மூடி தொட்டியின் தலையில். மாஸ்ட் படுத்திருக்கும்போது அதன் இரும்புச் சட்டம் மூடிக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்துவிடும். மாஸ்ட் நிமிர்ந்தால் மேலே வழி திறக்க வேண்டும். ஆனால் வண்டி கட்டிய பிறகு யாரோ தொட்டிக்கு மேலே ஒரு நீளப் பெட்டியை வெல்டு வைத்திருந்தார்கள். ஸ்பேர் ஹோஸ், ஸ்பானர், சங்கிலி எல்லாம் அதற்குள். பெட்டிமேல் பலகை, பலகைமேல் எங்கள் படுக்கை. ஆக, மூடியைத் தொட வேண்டுமென்றால் பக்கவாட்டில் ராடு ரேக்கில் ஏறி, பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாண் சந்தில் தோள்வரை கையை விட வேண்டும். கண்ணுக்கு மூடி தெரியாது. தடவித்தான் திருக வேண்டும். புனல் வைக்க இடமே கிடையாது.

மூடி எட்டாத இடத்தில் இருப்பதால் தொட்டியின் ஆயிலைப் பார்க்கிறதையே தள்ளிப்போட்டுக்கொண்டு போவார்கள். எஞ்சின் ஆயிலைக் காலையில் ஒருவன் குச்சி இழுத்துப் பார்ப்பான். டீசல் பார்ப்பான். கம்ப்ரசர் ஆயில் பார்ப்பான். இதை மட்டும், பம்பு முனகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் வண்டியில் அப்படி நடக்காததற்கு டிரில்லர் அண்ணன்தான் காரணம். சங்ககிரிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். வண்டியை நிறுத்தியதும், ஜாக்கி இறக்குவதற்கு முன்னால், தொட்டியின் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாயைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்ப்பார். அந்தக் கண்ணாடியின் சட்டத்தில் பெயிண்டால் இரண்டு கோடு போட்டிருந்தார். மேலே சிவப்பு, அதற்குக் கீழே வெள்ளை. எதற்கு இரண்டு கோடு என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. கேட்டதற்கு, "வேலை வாறப்பச் சொல்றன் சாமி" என்று மட்டும் சொன்னார்.

வேலை வந்தது எங்கள் மாமா காட்டில்.

தருமத்துப்பட்டி போகிற வழியில், மலையைப் பார்த்த மாதிரி இருக்கிற நாலு ஏக்கர். மாமாவின் கிணறு வற்றி இரண்டு வருடம். வெங்காயத்தில் வந்த கடனோடு, அத்தையின் நகையையும் அடகு வைத்துத்தான் போருக்குப் பணம் புரட்டியிருந்தார். நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து, அது நிமிர்ந்த இடத்தில் வேப்பங்குச்சி நட்டுவிட்டுப் போயிருந்தார். சாயந்தரம் குச்சி இருந்த இடத்தில் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, ஜாக்கியை இறக்கினோம். இருட்டு கட்டும்போது கேசிங் குழாய் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் வெள்ளைப் புழுதிதான். முந்நூறு அடியில் கொஞ்சம் ஈரம். நானூறில் அதுவும் இல்லை. மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ராடு ஏறும்போதும் அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரியும். அடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. தண்ணீர் வந்தாலும் அதே கூலி, வராவிட்டாலும் அதே கூலி.

நானூற்றைம்பதைத் தாண்டி ராடை இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். மாஸ்ட் அடியிலிருந்து ஆயில் விசிறி அடித்தது. ராடை ஏற்றி இறக்குகிற சிலிண்டருக்குப் போகும் ஹோஸ் கப்ளிங் ஓரத்தில் வாய் விட்டிருந்தது. அண்ணன் லீவரை விட்டுவிட்டு, "எஞ்சினை நிறுத்து" என்று கத்துவதற்குள் இரண்டு பக்கெட்டுக்கு மேலேயே மண்ணில் போயிருக்கும்.

போர் வேலை தெரியாதவர்களுக்கு இதன் பயம் உடனே புரியாது. குழிக்குள் நானூற்றைம்பது அடி ராடும், அதன் நுனியில் ஹேமரும் பிட்டும் நிற்கின்றன. மேலே தூக்க ஆயில் இல்லை. காற்று நின்றுவிட்டால், பாதிவழியில் மிதக்கிற பாறைத்தூள் முழுக்கக் கீழே இறங்கி ஹேமரைச் சுற்றிக் கெட்டித்துவிடும். மாட்டிக்கொண்டால் சாமானும் போச்சு, குழியும் போச்சு. வண்டிக்காரருக்கு லட்சக்கணக்கில் நட்டம், காட்டுக்காரருக்குப் பாதிப் போருக்குக் கொடுத்த பணம் மண்ணோடு மண். அதனால் அண்ணன் லாரி எஞ்சினை மட்டும் நிறுத்தச் சொன்னார். கம்ப்ரசருக்குத் தனி எஞ்சின், அதை ஓட விட்டார். காற்று அடியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த இரைச்சலுக்குள்தான் மீதி வேலை எல்லாம் நடந்தது.

ஸ்பேர் ஹோஸ் இருந்தது. மாற்றிவிட்டோம். கண்ணாடிக் குழாயில் டார்ச் அடித்தால் ஆயிலே தெரியவில்லை. இந்த நிலையில் பம்பை ஓட்டினால் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அப்போது பம்புக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். காற்றுக்குமிழிகள் அழுத்தத்தில் நசுங்கி உடைகிற சத்தம் அது. கொஞ்ச நேரம் அப்படி ஓடினாலே பம்பின் உள்முகம் அரித்துப் போகும். ஊற்றியே ஆக வேண்டும். சீல் உடைக்காத 68-ஆம் நம்பர் ஹைட்ராலிக் ஆயில் பக்கெட்டுகள் ராடு லாரியில் இருந்தன. ஊற்றுகிற வழிதான் இல்லை. குழிக்குள் ராடு நிற்கும்போது மாஸ்டைச் சாய்க்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. பெட்டியைக் கழற்றலாம் என்றால் அது வெல்டு வைத்தது.

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் டிராக்டர் ஆயில் தருகிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணன் கும்பிட்டு வேண்டாம் என்றார். ஒவ்வொரு ஆயிலிலும் ஒவ்வொரு மருந்து கலந்திருக்கும், கலந்தால் நுரை தள்ளும், சீல் ஊதிப்போகும் என்று எனக்குப் பிறகு சொன்னார். இன்னொரு பையன் டீசல் ஊற்றுகிற புனலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் உள்ளே மணல் ஒட்டியிருந்தது. அண்ணன் அதை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க கொத்தனாருங்க மட்டம் பாக்குற டியூப் கெடைக்குங்களா?"

"பக்கத்துலதான் ஒரு வீடு எழும்புது. வாங்கியாறேன்" என்றார் மாமா.

"அது வேண்டாமுங்க. அதுக்குள்ள தண்ணி இருக்கும். எவ்வளவு ஒதறுனாலும் சொட்டு நிக்கும். புதுசு வேணும்."

மாமா மறுபேச்சுப் பேசவில்லை. டி.வி.எஸ். வண்டியை மிதித்துக் கன்னிவாடி பஜாருக்குப் போனார். சாத்திய கடையின் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்த கடைக்காரரை எழுப்பியிருக்கிறார். அந்த மனுசனும் முகம் சுளிக்காமல் ஷட்டரைத் தூக்கி, புது டியூபில் இருபது அடி வெட்டிக் கொடுத்து, காசு காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊரில் போர் ஓடுகிற ராத்திரி என்றால் எல்லோருக்கும் ஒரு பதைப்பு இருக்கும். இன்று அவன் காட்டில், நாளை நம் காட்டில்.

மாமா வருவதற்குள் மூடியைத் திறக்கிற வேலையை அண்ணன் என்னிடம் கொடுத்தார். என் கை நீளம், மெலிவு. நேரே திருகப் போனவனை நிறுத்தினார். மூடியைச் சுற்றி விரல் கனத்துக்குப் பாறைப்புழுதி படிந்திருந்தது. காற்றுக் குழாயால் ஊதலாமா என்று கேட்டதற்கு, ஊதினால் தூசு எங்கே போகும் என்று கேட்டார். முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தடவித் துடைக்கச் சொன்னார். பிறகு உலர்ந்த துணி. மெக்கானிக் கடையில் கை துடைக்கிற நூல் வேஸ்ட் உதவாது, அதிலிருந்து இழை பிரிந்து உள்ளே விழும். அத்தை வீட்டுக்குள் போய் மாமாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தேன். அதற்கப்புறம்தான் திருகச் சொன்னார். மூடிக்குக் கீழே கம்பி வலை வடிகட்டி உண்டு. ஆயில் சீக்கிரம் இறங்கட்டும் என்று அதைக் கழற்றுகிறவர்கள் நிறைய. "வலை மேல கை வெக்காத கண்ணு" என்றார்.

மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான். ஹைட்ராலிக் ஃபில்டர்கள் பத்து மைக்ரான் தூசைப் பிடிப்பதற்காகச் செய்யப்படுகிறவை. கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள்தான் பம்பையும் வால்வையும் தின்கிறது. போர் வண்டியோ, உலகத்தில் உள்ள தூசையெல்லாம் தானே கிளப்பி அதன் நடுவில் நிற்கிற இயந்திரம். அந்த ராத்திரி ஒரு கிழிந்த வேட்டித் துணிக்கு அண்ணன் கொடுத்த மரியாதையின் காரணம், நான் பின்னால் சொந்தமாக ஹைட்ராலிக் பட்டறை வைத்தபோது தினமும் புரிந்தது.

டியூப் வந்தது. ஒரு முனையை வேட்டித் துணியால் துடைத்து, நான் தோள்வரை கைவிட்டு வலைக்குள் சொருகிப் பிடித்துக்கொண்டேன். மறுமுனையில், ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் துடைத்துப் புனலாகச் செருகி, மாஸ்ட் ஏணியில் ஏறி நின்ற பையன் பிடித்துக்கொண்டான். 68-ஆம் நம்பர் ஆயில் கெட்டி. அரை இஞ்சு டியூபில் நூல் மாதிரி இறங்கியது. அதற்கும் அண்ணனிடம் வழி இருந்தது. பக்கெட்டுகளைக் கொண்டுபோய்ச் சூடாயிருந்த லாரி எஞ்சின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஆயில் இளகி வேகமாக இறங்க ஆரம்பித்தது. கை மரத்துப்போனது. ஆள் மாற்றிப் பிடித்தோம். அண்ணன் கண்ணாடிக் குழாயின் முன்னால் குத்தவைத்து, டார்ச்சை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயில் வெள்ளைக் கோட்டைத் தொட்டதும், "போதும், நிறுத்து" என்றார்.

சிவப்புக் கோட்டுக்கு இன்னும் நாலு விரற்கடை இருந்தது. பையன், "இன்னும் ரொம்பலயேண்ணே" என்றான். அப்போதுதான் அந்த இரண்டு கோட்டுக்கும் விளக்கம் கிடைத்தது.

ஜாக்கி இறங்கி நிற்கும்போது, மாஸ்ட் நிமிர்ந்து நிற்கும்போது, தொட்டியின் ஆயிலில் ஒரு பகுதி சிலிண்டர்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அது தொலைந்துபோன ஆயில் இல்லை, வெளியே வேலை செய்துகொண்டிருக்கிற ஆயில். ஜாக்கியை மடக்கி மாஸ்டைச் சாய்த்தால் அவ்வளவும் தொட்டிக்குத் திரும்பி வரும். எட்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள தண்டு ஒரு மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது என்றால், அது மடங்கும்போது சுமார் ஐந்து லிட்டர் தொட்டிக்கு வரும். நாலு ஜாக்கிக்கு இருபது லிட்டர். மாஸ்ட் சிலிண்டர் தனி. ஆகவே நிமிர்ந்த நிலையில் சிவப்புக் கோடுவரை நிரப்பினால், காலையில் வண்டியை மடக்கும்போது அந்த ஆயில் தொட்டியின் மூச்சுக் குழாய் வழியாகப் பொங்கிக் காட்டில் கொட்டும். மூச்சுக் குழாய் அடைத்திருந்தால் தொட்டியே உப்பும். சிவப்பு, எல்லாம் மடங்கியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. வெள்ளை, எல்லாம் நீண்டிருக்கும்போது பார்க்க வேண்டியது. புது வண்டி வந்த அன்றே மடக்கியும் நிமிர்த்தியும் பார்த்து அண்ணன் இரண்டையும் குறித்துவைத்திருந்தார். அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவதுவரை. பிராமா பெயரைக் கேட்டிருக்க மாட்டார்.

மூடியைப் போட்டு எஞ்சினை எடுத்தோம். பம்பு முதலில் முனகியது. அண்ணன் லீவரை மெதுவாக, இம்மியளவு தள்ளி, விட்டு, மறுபடி தள்ளி, குழாயில் மாட்டிய காற்றை வெளியே எடுத்தார். முனகல் குறைந்து சத்தம் சீரானது. ராடு அசைந்தது. ஒரு சாண் ஏறியது. மாமா வரப்பிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். முதல் ராடு முழுசாக மேலே வந்தபோது ஹேமர் மாட்டவில்லை என்பது உறுதியானது. நுரை அடங்கியதும் கண்ணாடியை மறுபடி பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அண்ணன் குழியைத் தொடர்ந்தார். ஐந்நூற்றைம்பதுக்குக் கிட்டே வெடிப்பு கிடைத்தது. ஒன்றரை இஞ்சு தண்ணீர். அதை வைத்து மாமா சில வருடம் வெங்காயமும் தக்காளியும் எடுத்தார், அத்தையின் நகையை மீட்டார். பிறகு அதுவும் இறங்கிப்போனது. பாறைக்குள் சேர்ந்ததை நாம் எடுக்கிற வேகத்தில் மழை திருப்பிக் கொடுப்பதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

நான் வண்டியை விட்டு இறங்கித் திண்டுக்கல் பைபாஸில் பட்டறை வைத்து வருடங்கள் ஆகின்றன. அங்கே வருகிற பம்புகளைப் பிரிக்கும்போது பாதிக்குக் காரணம் ஒன்றுதான்: ஆயில் குறைந்து ஓடியது, அல்லது அழுக்கோடு ஊற்றியது. ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் சூட்டில் வெந்திருக்கிறது. விசாரித்தால் பெரும்பாலும் தொட்டியின் வாய் எட்டாத இடத்தில்தான் இருக்கும். ஜே.சி.பி.யில், டிப்பரில், கிரேனில் என்று எத்தனையோ வண்டி பார்த்துவிட்டேன். ஊற்றுவதற்குச் சுலபமாக இருக்கிற வண்டியின் பம்பு கூடுதல் வருடம் உழைக்கிறது. அமெரிக்காவில் வீட்டு வண்டிகளை முகாமில் மட்டமாக நிறுத்துவதற்கும் பல வண்டிகளில் நாலு பக்கமும் ஹைட்ராலிக் ஜாக்கி வைக்கிறார்கள். அவற்றிலும் ஆயில் தொட்டி சாமான் அறைக்குப் பின்னாலோ சேசிஸ் இடுக்கிலோ ஒளிந்துகொள்வது உண்டு. ஜாக்கியை முழுக்க மடக்கிவிட்டு அளவு பார் என்றுதான் அவர்கள் கையேடும் சொல்கிறது. எங்கள் அண்ணனின் சிவப்புக் கோடு அதேதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹோஸில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் ஆயில் கண்ணுக்குத் தெரியாத புகையாக வரும். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்த்த ஒரு பையனை எனக்குத் தெரியும். விரலில் முள் குத்திய மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். வலிகூட அதிகமில்லை என்றான். மறுநாள் கை முழங்கைவரை வீங்கி, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய் அறுவை செய்துதான் கையைக் காப்பாற்றினார்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்துத் தசைக்குள் போய்விடும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள், எஞ்சினை நிறுத்தி அழுத்தம் இறங்கிய பிறகு தொடுங்கள். ஆயில் குத்திவிட்டது என்ற சந்தேகம் வந்தால் வீக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், இன்னது குத்தியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரிக் கட்டுகிறவர்களையும் வாங்குகிறவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தொட்டி எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அதை நிரப்புகிற வாயை மட்டும் வண்டியின் பக்கவாட்டில், தரையில் நின்று எட்டுகிற உயரத்தில் வையுங்கள். அங்கே ஒரு கப்ளரும், ஒரு சின்னக் கைப்பம்பும், நடுவில் ஒரு ஃபில்டரும் வைத்தால், பக்கெட்டைத் தரையில் வைத்தபடியே தூசு படாமல் ஆயிலை உள்ளே அனுப்பலாம். ஏற்கெனவே ஓடுகிற வண்டியிலும் இதைச் செய்யலாம், நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் வேலை, வண்டியின் விலையோடு பார்த்தால் சில்லறைச் செலவு. அளவுக் கண்ணாடியில் இரண்டு கோடும் போட்டுவிடுங்கள். இப்போது வண்டிகளில் வேலை பார்க்கிற பையன்கள் பலர் சத்தீஸ்கரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள். எழுதி வைத்தால் இந்தியிலும் எழுதுங்கள், பக்கத்தில் மடங்கிய வண்டியின் படத்தையும் நிமிர்ந்த வண்டியின் படத்தையும் போடுங்கள். தொட்டிக்கு மேலே மட்டும் தயவுசெய்து பெட்டி வெல்டு வைக்காதீர்கள்.